சான்று கேட்ட நீதிமன்றமும் சாட்சி சொல்லாத சபையும்
(சூசை வழக்குத் தீர்ப்பு: ஒரு திறனாய்வு)

சமத்துவம், மக்களாட்சி, சமுதாய நீதி ஆகிய சொற்களை இன்று எவரும் மறுப்பதில்லை. மறுக்கப்படாமையினாலேயே அவை எவரையும் சுடுவதுமில்லை. ஒரு குறிப்பிட்ட மனிதனின் வழக்கில் வைத்து எடைபோடப்படும்பொழுதுதான் அச்சொற்களின் உண்மை மதிப்பு வெளிப்படுகிறது. அத்தகைய வழக்கு ஒன்றில் இந்திய உச்சநீதிமன்றம் 1985 செப்டம்பர் 30 அன்று வழங்கிய தீர்ப்பை இக்கட்டுரை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறது. தீர்ப்பின் குறைகளைக் கூறுவது இதன் முதல் நோக்கம். ஆனால் அத்துடன் நின்றுவிட்டால் திறனாய்வு பாதியிலேயே முடிந்துவிடும். அத்தீர்ப்பு எழுப்பிய வினா ஒன்று அரசை மட்டுமன்றித் திருச்சபையையும் நோக்கி நிற்கிறது. அதற்கு நாம் இன்றுவரை நேரான விடை தரவில்லை என்பதே இங்கு வற்புறுத்தப்படும் கருத்தாகும்.

1. வழக்கு

சென்னையில் சாலையோரத்தில் அமர்ந்து செருப்புத் தைத்து வாழ்ந்த சூசை என்பவர் ஆதிதிராவிடர் குலத்தில் பிறந்து கிறித்தவரானவர். சாலையோரத்தில் இத்தொழில் செய்வோருக்கு இலவசமாகப் பெட்டிக்கடைகள் வழங்கும் திட்டம் ஒன்று 1982-இல் வந்தது. அது பட்டியல் சாதியினருக்கு உரியது. அவரோடு அதே வெயிலில் அதே ஊசியும் தோலும் கொண்டு உழைத்தவர்கள் அதற்குத் தகுதி பெற்றனர், அவர் பெறவில்லை. தொழிலிலும் பிறப்பிலும் வறுமையிலும் வேற்றுமை இல்லை. வேற்றுமை திருமுழுக்கு ஒன்றே.

இதற்குக் காரணம் 1950 ஆகஸ்டு 10 அன்று வெளியிடப்பட்ட குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி ஆகும். பட்டியல் சாதிகளை வகுத்துரைத்த அவ்வாணை, இந்து சமயம் அல்லாத பிற சமயத்தைத் தழுவியவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்று கூறியது. பின்னர் 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் அதனுள் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் புறத்தே நிற்கின்றனர். இப்பத்தி அரசியலமைப்பு உறுதியளிக்கும் சமத்துவத்திற்கும் சமய உரிமைக்கும் முரணானது என்பதே மனுவின் சாரம்.

மனு தள்ளுபடி செய்யப்பட்டது. மதம் மாறியபின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது என்று நீதிமன்றம் கருதியது. அச்சாதியினால் இந்து சமுதாய அமைப்பில் ஏற்பட்ட இழிவுகளும் தடைகளும் புதிய சமயச் சூழலிலும் அதே கொடுமையோடு தொடர்கின்றன என்று மெய்ப்பிக்கப்பட வேண்டும். கிறித்தவ சமுதாயத்தின் இன்றைய நிலையை விரிவாக ஆராய்ந்த நம்பத்தகுந்த ஆய்வு எதுவும் தன்முன் வைக்கப்படவில்லை என்றும் அது குறிப்பிட்டது. சுருங்கக் கூறின், நீதிமன்றம் சான்று கேட்டது, சான்று வரவில்லை, வழக்குத் தோற்றது.

2. தீர்ப்பின் அடிப்படை

இத்தீர்ப்பின் கீழே பேசப்படாத ஓர் எண்ணம் கிடக்கிறது. சாதி ஒரு சமயத்தின் கோட்பாடு. எனவே அச்சமயத்தை விட்டு நீங்கியவன் சாதியையும் விட்டு நீங்கியவனாவான் என்பதே அது. ஏட்டளவில் இது சரியாகத் தோன்றலாம். ஆனால் தெரு ஏட்டைப் படிப்பதில்லை. சேரிக்கு வழிவிட மறுப்பவன் அங்கு வாழ்பவரின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மறுப்பதில்லை. தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்தவன், குடிக்க வந்தவர் ஞாயிறன்று எந்த ஆலயத்திற்குச் செல்கிறார் என்று கேட்டதில்லை. இழிவைச் சுமத்துகிறவன் சமயத்தைப் பார்க்கவில்லை; இழிவை நீக்க வந்த அரசு மட்டுமே சமயத்தைப் பார்த்தது.

ஆணையின் வரலாறே இவ்வெண்ணத்தை மறுக்கிறது. சீக்கிய நெறியும் பௌத்த நெறியும் சாதியை ஏற்பன அல்ல. அவ்வாறிருந்தும், பஞ்சாபில் சீக்கியரான நான்கு பிரிவினருக்கு 1950-ஆம் ஆண்டின் மூல ஆணையே விலக்களித்தது. 1956, 1990 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்கள் அவ்விலக்கை விரிவாக்கின. இவற்றின் பொருள் என்ன? ஒரு சமயத்தின் கோட்பாடு வேறு, அதைப் பின்பற்றுவோரின் வாழ்க்கைநிலை வேறு என்பதை அரசு மும்முறை ஒப்புக்கொண்டுள்ளது. அவ்வாறு ஒப்புக்கொண்டபின், கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் மட்டும் கோட்பாட்டையே அளவுகோலாக்குவது எவ்வகை நியாயம்? பழங்குடியினர் பட்டியலில் சமயத் தகுதி எதுவும் விதிக்கப்படவில்லை என்பதும் இங்கு நோக்கற்பாலது.

3. சான்றின் சுமை யாருடையது?

சான்று கேட்பது நீதிமன்றத்தின் கடமை. அதைக் குறைகூற இயலாது. ஆனால் அதை யாரிடம் கேட்பது என்பது நீதியின் வினா. ஒரு சமுதாயத்தின் நிலையைக் குறித்த நாடு தழுவிய ஆய்வை, பெட்டிக்கடை ஒன்றிற்காக வழக்காட வந்த செருப்புத் தைப்பவர் எங்கிருந்து கொண்டுவருவார்? குடிமதிப்பு எடுப்பதும் ஆணையங்களை அமைப்பதும் அரசின் கையில் உள்ளன. ஆய்வு செய்யும் ஆற்றல் உடையவனிடம் அதைக் கேளாமல், அவ்வாற்றல் இல்லாதவனிடம் கேட்டு, அவன் தரவில்லை என்று அனுப்பிவிடுவது, லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் விதவையை வாயிலில் நிற்கவைத்த நடுவனை நினைவூட்டுகிறது.

அரசின் ஏடுகளில் சான்று அறவே இல்லாமலும் இல்லை. தீர்ப்பிற்கு ஐந்தாண்டுகள் முன்பே, 1980 டிசம்பரில் அளிக்கப்பட்ட மண்டல் ஆணையத்தின் அறிக்கை, மதமாற்றம் சாதியை ஒழித்துவிடவில்லை என்பதைக் கண்டு, தீண்டாமைக்கு உட்பட்ட சாதிகளிலிருந்து பிற சமயங்களுக்குச் சென்றோரைப் பிற்படுத்தப்பட்டோராகக் கணக்கிட்டது. பிறகு, 2007 மே மாதத்தில் இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியையே முற்றிலும் நீக்குமாறு பரிந்துரைத்தது. அதன் உறுப்பினர் செயலர் மட்டும் அதற்கு மாறுபட்டார். 2008-இல் தேசியச் சிறுபான்மையோர் ஆணையத்திற்காகச் சமூகவியல் அறிஞர் சதீஷ் தேஷ்பாண்டே அளித்த நிலை அறிக்கை, இவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதியை மறுக்க வலுவான ஆதாரம் இல்லை என்ற முடிவிற்கு வந்தது. 1985-இல் இல்லை என்று சொல்லப்பட்ட ஆய்வு இவ்வாறு வந்து சேர்ந்தது. ஆனால் 2022-இல் மைய அரசு மிஸ்ரா ஆணையத்தின் பரிந்துரையைத் தான் ஏற்கவில்லை என்று உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையத்தை அமைத்தது. அதன் காலக்கெடுவும் பின்னர் நீட்டிக்கப்பட்டது. சான்று இல்லை என்று கூறி ஒரு தலைமுறை அனுப்பப்பட்டது. சான்று வந்தபின் அதைச் சரிபார்க்க வேண்டும் என்று கூறி அடுத்த தலைமுறை காத்திருக்க வைக்கப்பட்டது.

எதிர்ப்பக்கத்தில் நேர்மையான அச்சம் ஒன்று இருப்பதையும் மறைத்தலாகாது. ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் இந்துத் தலித் மக்கள், கல்வியில் சற்று முன்னேறிய கிறித்தவர் உள்ளே வந்தால் தம் பங்கு குறையும் என்று கருதுகின்றனர். இவ்வச்சத்தைத் தள்ளிவிடுவது அன்பன்று. புதிதாய்ச் சேர்வோரின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒதுக்கீட்டு அளவும் உயர வேண்டும் என்று கோருவதே நெறி. ஒரு தட்டில் இருப்பதை இரு ஏழைகள் பறித்துக்கொள்ளும் நிலையை உண்டாக்குவது சமுதாய நீதி ஆகாது.

4. மக்களாட்சியில் விழும் ஓட்டை

இச்சிக்கலை உதவித்தொகை, வேலை ஆகியவற்றின் சிக்கலாக மட்டும் காண்பது பெருங்குறை. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்குரிய தனித்தொகுதிகள். மக்களவைத் தொகுதிகள் 39-இல் 7 அத்தகையன. ஊராட்சிகளிலும் இவ்வாறே இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. தலித் கிறித்தவர் அவ்விடங்களில் வாக்களிக்கலாம். வேட்பாளராக நிற்க இயலாது. சேரியில் அவரும் வாழ்கிறார், சேரியின் குறைகளை அவரும் அறிவார். ஆயினும் அச்சேரியின் சார்பாக எழுந்து பேசும் உரிமை அவருக்கு இல்லை. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பட்டியலில் உள்ளோரையே காக்கிறது. ஒரே தெருவில் ஒரே இரவில் ஒரே கையால் அடிக்கப்பட்ட இருவரில் ஒருவருக்குச் சிறப்புச் சட்டத்தின் காப்பு உண்டு, மற்றவருக்கு இல்லை.

இதன் விளைவு மனச்சான்றின்மேல் விழுகிறது. பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், சபைப் பதிவேட்டில் வேறு பெயர் என இரு பெயர்களோடு வாழும் குடும்பங்களை நம் சேகரங்களில் அறியாத குருவானவர் இலர். 2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், கிறித்தவ நம்பிக்கையைக் கடைப்பிடித்துக்கொண்டே ஒதுக்கீட்டிற்காக மட்டும் இந்து என்று கூறுவது அரசியலமைப்பை ஏமாற்றுவதாகும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொய்யுரைத்தல் தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் உண்மை பேசுகிறவனுக்கு உணவும், பொய் பேசுகிறவனுக்குத் தண்டனையும் தருவதே நீதியான சட்டம். உண்மை பேசினால் உரிமை போகும் என்று முதலில் விதித்துவிட்டுப் பின்னர் பொய்யைத் தண்டிக்கும் சட்டம், தான் விதைத்ததையே அறுத்துக்கொண்டு களையென்று வெகுள்கிறது. அரசியலமைப்பு ஏற்கப்பெற்ற 75-ஆம் ஆண்டு நிறைவு நாளில் இத்தீர்ப்பு வந்தது என்பதும் எண்ணத்தக்கது.

5. சபையின் பதிவேடு

இதுவரை அரசையும் நீதிமன்றத்தையும் நோக்கிப் பேசினோம். இனி, நீதிமன்றம் கேட்ட வினாவை நம்மிடமே கேட்டுக்கொள்வோம். இழிவும் தடையும் புதிய சமயச் சூழலில் தொடர்கின்றனவா? இதற்குச் சான்று தேடி வெளியே செல்ல வேண்டியதில்லை. அது நம் சொந்தப் பதிவேடுகளில் உள்ளது.

தரங்கம்பாடியில் 1706-இல் தொடங்கிய சீர்திருத்தத் திருச்சபைப் பணி, ஆலயத்திற்குள் சாதிவாரியாக அமர்வதைப் பொறுத்துக்கொண்டது. 1833-இல் பேராயர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி உடனடியாகக் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதற்குப் பதில் சபையை விட்டனர். நம் கீர்த்தனை மரபின் பெரும்புலவராகிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே பழைய வழக்கத்தைக் காக்க எழுதினார் என்பது மறைக்கக்கூடாத வரலாறு. அமெரிக்க மதுரை மிஷன் 1847-இல், சாதி வேறுபாடின்றி ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதைத் தன் ஊழியர்க்கு அளவுகோலாக்கியது. பலர் பந்தியில் அமர மறுத்து ஊழியத்தை இழந்தனர். 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு சாதியைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. லைப்சிக் மிஷனோ சாதியைச் சமுதாய வழக்கமாகக் கருதிப் பொறுமை காட்ட வேண்டும் என்று வாதிட்டது. பிற சபைகளை விட்டோர் பலர் அங்குச் சென்று சேர்ந்தனர்.

இவ்வரலாற்றில் நம் கண்ணில் பட வேண்டியது ஒன்று. வாக்குவாதம் நிகழ்ந்த இடம் விசுவாச அறிக்கை அன்று, பந்தி. கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் அந்தியோகியாவில் நிகழ்ந்ததும் அதுவே. பேதுரு கோட்பாட்டில் தவறவில்லை. உணவு மேசையிலிருந்து விலகினார். பவுல் அதைச் சமுதாயப் பழக்கம் என்று விட்டுவிடாமல், நற்செய்தியின் உண்மைக்கே மாறானது என்று முகத்துக்கு நேராக எதிர்த்தார். பந்தியில் மறுக்கப்படும் சமத்துவம் பிரசங்கபீடத்தில் எத்தனை முறை கூறப்பட்டாலும் கூறப்பட்டதாகாது.

இவை பழங்கதைகள் என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் மக்களின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவர் நாடறிந்தது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008 மார்ச்சில் வழிபாட்டு உரிமை தொடர்பாகக் கிறித்தவரிடையே எழுந்த மோதலில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை ஏட்டில், தங்கள் சபைக்குள் தீண்டாமை இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. இவை கத்தோலிக்கரின் செய்திகள் என்று நாம் மகிழ்வதற்கில்லை. நம் பேராய மன்றத் தேர்தல்களில் வேட்பாளர் எவ்வாறு தெரிந்தெடுக்கப்படுகின்றனர் என்பதையும், கிறித்தவ இதழ்களின் மணமக்கள் பகுதியில் திருமுழுக்குப் பெயருக்கு அடுத்து எது அச்சாகிறது என்பதையும் வாசகர் அறிவர். நோயைச் சொன்ன நோயாளியைச் சொல்லாத நோயாளி பழிப்பது நலமாகாது.

6. இரண்டு வாக்குமூலங்கள்

இக்கட்டுரையாளர் அறிந்த சேகரம் ஒன்றில், மூன்றாம் பத்தியை நீக்கக் கோரும் மனுவிற்கு ஒரு ஞாயிறன்று கையொப்பம் பெறப்பட்டது. கிறித்தவரான பின்னும் நாங்கள் தீண்டப்படாதவராகவே நடத்தப்படுகிறோம் என்பது அதன் உள்ளடக்கம். கையொப்பமிட்ட முதியவர் ஒருவர், ‘ஐயா, இதை அப்படியே ஆராதனையில் வாசித்துவிடலாமே’ என்றார். சபைக்குள் பிரிவினை உண்டாகும் என்று கூறி நிர்வாகத்தினர் இசையவில்லை. மனு தில்லிக்குச் சென்றது; ஆலயத்தில் வாசிக்கப்படவில்லை. முதியவர் மறுமொழி சொல்லாமல் தம் வழக்கமான இடத்திற்குச் சென்று அமர்ந்தார். அந்த இடம் எது என்பதே அம்மனுவின் பொருள்.

நம் நிலை இதில் முழுவதும் அடங்கியுள்ளது. அரசின்முன் நாம் ஒரு வாக்குமூலம் தருகிறோம்: சபையில் சாதி உண்டு. பீடத்தின்முன் வேறொன்று தருகிறோம்: கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை. முதலாவது உண்மையாயின் இரண்டாவது மனந்திரும்புதலாக மாற வேண்டும். இரண்டாவது நடைமுறையில் உண்மையாயின் முதலாவதைக் கூற நமக்கு உரிமை இல்லை. இரண்டையும் ஒருசேரக் கூறிக்கொண்டிருக்கும்வரை, சூசை வழக்கில் குறைவுபட்ட சான்றை மறைத்து வைத்திருப்போர் நாமே.

தலித் இறையியல் இதைச் சுட்டிக்காட்டாமல் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் அரவிந்த் நிர்மல் எழுப்பிய குரலும், பின்னர் சென்னைக் குருகுலத்தில் அதற்கென அமைந்த துறையும் இறையியல் கல்வியை மாற்றின. ஆனால் வகுப்பறையில் தேர்வு வினாவாகிவிட்ட அவ்விறையியல், சேகரக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இன்னும் இடம்பெறவில்லை. நவம்பரில் ஒரு ஞாயிறை ‘தலித் விடுதலை ஞாயிறு’ என்று கொண்டாடுகிறோம். ஓராண்டின் மற்ற ஞாயிறுகள் யாருடைய விடுதலைக்கு என்பது கேட்கப்படுவதில்லை.

1950-ஆம் ஆண்டின் ஆணை நீக்கப்பட வேண்டும். தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று நிறைவேற்றிய தீர்மானத்தின் கோரிக்கை நியாயமானது; அதை ஆதரிப்பது நம் கடமை. ஆனால் அவ்வாணை நீங்கும்வரை திருச்சபை கைகட்டி நிற்கவேண்டிய தேவை எதுவும் இல்லை. மூன்றாம் பத்தி அரசின் கையைக் கட்டுகிறது; நம் கையைக் கட்டவில்லை. அது நம் பள்ளிகளின் வாயிலிலோ கல்லூரிகளின் நியமனக் குழுவிலோ எழுதப்படவில்லை. சிறுபான்மையோர் என்ற முறையில் கல்வி நிலையங்களை நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு நமக்குத் தந்துள்ளது. அவ்வுரிமையால் பெற்ற இடங்களில் தலித் கிறித்தவர் எத்தனை பேர் பயில்கின்றனர், எத்தனை பேர் பணியாற்றுகின்றனர் என்ற கணக்கை ஒவ்வொரு பேராயமும் ஆண்டுதோறும் தன் மன்றத்தில் வெளியிடலாம். கல்லறைத் தோட்டங்களின் நிலையைச் சேகரந்தோறும் எழுதி வைக்கலாம். நீதிமன்றம் கேட்ட விரிவான ஆய்வு இதுவே. இதை எழுத ஆணையம் தேவையில்லை, நாணயம் போதும்.

அரசிடம் நீதி கேட்டுச் செல்லும் மனுவின் முதற்படி ஆலயத்தில் வாசிக்கப்படட்டும். அதைக் கேட்டபின்னும் நம்மால் ஒரே கிண்ணத்தில் பருக இயலுமாயின், நீதிமன்றத்தில் நாம் தரும் சான்றிற்கு எடை உண்டாகும். இயலாதாயின், அந்தச் சாலையோரத்துச் செருப்புத் தைப்பவருக்கு எதிராகத் தீர்ப்பெழுதியோர் பட்டியலில் நம் பெயரும் சேரும்.